ரைசினா குன்றில் ஒரு பகல்: 50 ரூபாய்க்குத் திறக்கும் மாளிகை

புதுதில்லி: இந்தியா கேட் அருகே நின்று மேற்கே பார்த்தால் குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடமும் அதன் கீழுள்ள தூண் வரிசையும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. கர்த்தவ்யப் பாதை வழியாக அதை நோக்கி நடக்க நடக்க ஒரு விநோதம் நிகழ்கிறது. நெருங்குந்தோறும் மாளிகை சிறுத்துக்கொண்டே போகிறது. விஜய் சௌக்கை அடையும்போது தூண்கள் முற்றாக மறைந்துவிடுகின்றன. குவிமாடத்தின் மேற்பகுதி மட்டுமே மேட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. தில்லிக்கு முதன்முறையாக வரும் பலர், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று இங்கு நின்று ஐயுறுவதுண்டு.

இது வடிவமைப்பாளர்கள் இருவருக்கு இடையே எழுந்த சண்டையின் எச்சம். மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதன் இருபுறமும் உள்ள தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்தவர் அவருடைய நண்பர் ஹெர்பர்ட் பேக்கர். குன்றின் உச்சியில் வைஸ்ராயின் வீடு மட்டுமே நிற்க வேண்டும் என்பது லட்யன்ஸின் எண்ணம். செயலகங்களும் அதே உயரத்தில் அமைய வேண்டும் என்றார் பேக்கர். அவர் விருப்பப்படியே நடந்தது. குன்றேறும் சாலையின் சரிவு மாளிகையை மறைத்துவிடும் என்பதை லட்யன்ஸ் காலம் கடந்தே உணர்ந்தார். சரிவைத் திருத்தியமைக்கும்படி வைஸ்ராய்களிடம் பல முறை முறையிட்டும் பலன் கிட்டவில்லை. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதை நினைவூட்டும் வகையில் தன் தோல்விக்கு 'பேக்கர்லூ' என்று பெயரிட்டு அவர் மனத்தை ஆற்றிக்கொண்டார். உலகின் கால்பகுதியை ஆண்ட பேரரசு, தன் பிரதிநிதிக்குக் கட்டிய வீட்டைச் சாலையிலிருந்து பார்க்க முடியாதபடி கட்டி முடித்தது.

சாலையிலிருந்து தெரியாவிட்டாலும் உள்ளே சென்று பார்க்க இன்று தடையில்லை. நாடாளுமன்ற அவையின் பார்வையாளர் மாடத்தில் அமர எம்.பி. ஒருவரின் பரிந்துரை வேண்டும். குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அது தேவையில்லை. இணையத்தில் முன்பதிவு செய்து, தலைக்கு 50 ரூபாய் செலுத்தி, அடையாள அட்டையுடன் குறித்த நேரத்தில் வாயிலுக்கு வந்தால் போதும். 2023 ஜூன் முதல், அரசு விடுமுறை தவிர்த்து, செவ்வாய் முதல் ஞாயிறு வரை வாரத்தில் 6 நாள்கள் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. பார்வையிடும் பகுதிகள் மூன்று சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பிரதான கட்டடம் முதல் சுற்று. அருங்காட்சியகம் இரண்டாவது. தோட்டம் மூன்றாவது. வழிகாட்டி இந்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்குகிறார். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. பிரதான கட்டடச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மூன்றையும் நிதானமாகப் பார்க்க ஒரு பகல் வேண்டும்.

4 ஆண்டுத் திட்டம், 17 ஆண்டு வேலை

வழிகாட்டிகள் முதலில் கூறுவது எண்களைத்தான். 4 தளங்கள், 340 அறைகள், இரண்டரை கிலோமீட்டர் நீளத் தாழ்வாரங்கள், 330 ஏக்கர் வளாகம், 70 கோடி செங்கற்கள், 30 லட்சம் கன அடிக் கல். இரும்பு மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டுள்ளது. 4 ஆண்டுகளில் முடியும் என்று கணக்கிட்ட வேலை, முதல் உலகப் போர் குறுக்கிட்டதாலும் செலவு கட்டுக்கடங்காமல் போனதாலும் 17 ஆண்டுகள் நீண்டது. அரசுக் கட்டடங்கள் குறித்த கெடுவில் முடிவதில்லை என்ற இன்றைய குறைக்கு அன்றே முன்னுதாரணம் இருந்திருக்கிறது.

1911 டிசம்பர் 12-ல் நடந்த தில்லி தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகரம் தில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்த கொந்தளிப்பு கல்கத்தாவை ஆங்கிலேயருக்கு வசதியற்ற ஊராக்கியிருந்தது. அதே தர்பாரில் அந்தப் பிரிவினையும் ரத்து செய்யப்பட்டது. மொகலாயரின் தலைநகரில் தங்கள் ஆட்சி நூற்றாண்டுகள் நீடிக்கும் என்பதைக் கல்லில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதே புதிய நகரத்தின் நோக்கம்.

குன்று ஆளற்ற வெற்றிடமாக இருக்கவில்லை. ரைசினா, மால்ச்சா ஆகிய கிராமங்கள் இங்கிருந்தன. 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு, 1911-க்கும் 1916-க்கும் இடையில் ஏறத்தாழ 4,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. சுமார் 300 குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. மால்ச்சாவிலிருந்து வெளியேறியோரில் பலர் இன்றைய ஹரியாணாவின் சோனிபட் பகுதியில் குடியேறினர். ஊரின் பெயரையும் உடன் எடுத்துச் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் நிலத்துக்கு உரிய இழப்பீடு தரப்படவில்லை என்று கூறி நீதிமன்றப் படியேறினர். தில்லியில் எஞ்சியிருப்பது, தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியில் உள்ள மால்ச்சா மார்க் என்ற சாலைப் பெயர்தான். அந்தச் சட்டமோ, அணைகளுக்கும் ஆலைகளுக்கும் நிலம் எடுக்கும் கருவியாகச் சுதந்திர இந்தியாவிலும் பணியாற்றி, 2013-ல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டத்தால் 2014 ஜனவரி 1-ல்தான் ஓய்வு பெற்றது.

மாளிகையின் கிழக்கு முகப்பில் உள்ள தூண்களின் தலைப்பகுதியில் கல் மணிகள் செதுக்கப்பட்டுள்ளன. கர்நாடகத்தின் மூடபித்ரியில் உள்ள சமணக் கோயிலிலிருந்து பெறப்பட்ட வடிவம் இது என்பர். மணி ஒலித்தால் ஆட்சி முடிவுக்கு வரும் என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. ஒலிக்க முடியாத கல் மணிகளை வைத்தால் பேரரசு நிலைக்கும் என்று ஆங்கிலேயர் கருதினர் என வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். புதுதில்லியின் திறப்பு விழா 1931 பிப்ரவரியில் நடந்தது. அதிலிருந்து பதினாறரை ஆண்டுகள்தான். கட்டி முடிக்க எடுத்துக்கொண்ட காலம்கூட ஆங்கிலேயருக்கு ஆள வாய்க்கவில்லை.

லட்யன்ஸ் இந்தியக் கட்டடக் கலையை மதித்தவர் அல்லர். ஆயினும் இந்த மாளிகையின் அழகில் பெரும்பகுதி அவர் மனமின்றி எடுத்தாண்ட இந்திய வடிவங்களிலிருந்தே வருகிறது. குவிமாடம் சாஞ்சி ஸ்தூபியை நினைவூட்டுகிறது. வெயிலைத் தடுக்கும் சஜ்ஜா விளிம்புகள், காற்றை விடும் ஜாலிகள், கூரை மேல் நிற்கும் சத்ரிகள் ஆகியவை இந்நாட்டுக் கொத்தர்கள் பல தலைமுறைகளாகச் செய்து பழகியவை. வெயிலுக்கு ஐரோப்பியத் தூண்கள் மட்டும் போதாது என்பதை தில்லியின் மே மாதம் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

அரியணை இருந்த இடத்தில் புத்தர்

முன்முற்றத்திலிருந்து அகன்ற படிகளில் ஏறினால் குவிமாடத்தின் நேர் கீழே உள்ள வட்ட மண்டபம். நெடுங்காலம் தர்பார் ஹால் என்று அறியப்பட்ட இதற்கு 2024 ஜூலையில் 'கணதந்திர மண்டபம்' என்று பெயர் மாற்றப்பட்டது. பத்ம விருது விழாக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோருக்கு இந்த இடம் பழக்கமானதே. எனினும் திரையில் தெரியாதது அதன் உயரம். மஞ்சள் நிற ஜெய்சல்மேர் பளிங்குத் தூண்கள். நடுவே, 33 மீட்டர் உயரத்திலிருந்து தொங்கும் இரண்டு டன் எடையுள்ள சரவிளக்கு. வைஸ்ராயும் அவர் மனைவியும் அரியணைகளில் அமர்ந்த இடத்துக்குப் பின்னால், குப்தர் காலத்துப் புத்தர் சிலை நிற்கிறது. அருள் பாலிக்கும் அந்தக் கையின் கீழேதான் விருதுகள் வழங்கப்படுகின்றன.

1947 ஆகஸ்ட் 15 காலை நேருவின் அமைச்சரவை பதவியேற்றது இங்கேதான். 1948 ஜூன் 21-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றதும், 1950 ஜனவரி 26-ல் குடியரசுத் தலைவராக ராஜேந்திர பிரசாத் உறுதிமொழி எடுத்ததும் இதே தளத்தில். 1977-ல் பதவியில் இருந்தபோதே மறைந்த பக்ருதீன் அலி அகமதின் உடல் அஞ்சலிக்காக வைக்கப்பட்டதும் இங்குதான். பிற்காலத்தில் பதவியேற்பு விழாக்கள் மண்டபத்துக்குள் அடங்காமல் முன்முற்றத்துக்கு வந்தன. 1990-ல் சந்திரசேகர், 1998-ல் வாஜ்பாய், 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் நரேந்திர மோடி என மூன்று பிரதமர்கள் திறந்த வெளியில் பதவியேற்றனர்.

அடுத்தது அசோக மண்டபம். வைஸ்ராய்களின் காலத்தில் நடனக் கூடம். இன்று வெளிநாட்டுத் தூதர்கள் தங்கள் நியமனப் பத்திரங்களைக் குடியரசுத் தலைவரிடம் அளிப்பது இங்கே. பார்வையாளர்கள் அனைவரும் கழுத்தை அண்ணாந்து நிற்கும் இடமும் இதுவே. விதானத்தின் நடுவில், பாரசீக மன்னர் பத் அலி ஷா தம் 22 புதல்வர்களுடன் வேட்டையாடும் ஓவியம். இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்கு அவர் அனுப்பிய பரிசு அது. வெலிங்டன் சீமாட்டியின் விருப்பத்தின் பேரில், இத்தாலிய ஓவியர் தொமாசோ கொலோனெல்லோவும் 23 இந்திய ஓவியர்களும் விதானத்தின் எஞ்சிய பகுதியை அதே பாணியில் நிரப்பினர். பாரசீக ஓவியம், இத்தாலியக் கை, நடனத்துக்கான ஆங்கிலேய மரத் தரை, அதன் மேல் அசோகர் பெயர். நடனக் கூடத்துக்குக் கலிங்கப் போருக்குப் பின் மனம் மாறிய மன்னரின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்பது தெரியவில்லை.

விருந்துக் கூடத்தின் நீளம் 104 அடி. ஒரே நேரத்தில் அமரக்கூடியவர்களும் 104 பேர். சுவர் முழுவதும் முன்னாள் குடியரசுத் தலைவர்களின் உருவப்படங்கள். அவற்றுக்கு மேலே உள்ள சிறு விளக்குகள், எப்போது பரிமாற வேண்டும், எப்போது தட்டுகளை எடுக்க வேண்டும் என்று பணியாளர்களுக்குச் சமிக்ஞை தருபவை.

உப்பும் மருத்துவமனையும்

இந்த மாளிகையின் அரசியல் வரலாறு அதன் குடிபுகு நாளிலேயே தொடங்குகிறது. 1929 டிசம்பர் 23-ல், இங்கே குடியேறுவதற்காகத் தில்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்த இர்வின் பிரபுவின் ரயிலுக்கு அடியில் புரட்சியாளர்கள் வைத்த குண்டு வெடித்தது. அவர் காயமின்றித் தப்பினார். அன்று பிற்பகலே காந்தி, மோதிலால் நேரு, ஜின்னா உள்ளிட்டோர் அவரைச் சந்தித்தனர். டொமினியன் அந்தஸ்து குறித்த உறுதிமொழி கிடைக்காமல் பேச்சுவார்த்தை முறிந்தது. சில நாள்களில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பின், சிறையிலிருந்து விடுதலையான காந்தி 1931 பிப்ரவரி 17-ல் மீண்டும் இந்தப் படிகளில் ஏறினார். தலைநகரத் திறப்பு விழாவின் தோரணங்கள் அப்போதுதான் இறக்கப்பட்டிருந்தன. அரைநிர்வாணப் பக்கிரி ஒருவர் மன்னரின் பிரதிநிதியுடன் சமமாகப் பேச மாளிகைப் படியேறுவதா என்று லண்டனில் சர்ச்சில் குமுறியது இந்தக் காட்சியைப் பற்றித்தான். தேநீருக்குப் பதில் எலுமிச்சை நீர் அருந்திய காந்தி, அதில் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொண்டார் என்ற கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்கின்றனர். பார்வையாளர்களும் சிரிக்கின்றனர். மார்ச் 5-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்பேச்சுகளில் பகத்சிங்கின் தூக்குத் தண்டனை பற்றியும் காந்தி எழுப்பினார் என்பதும், ஒப்பந்தம் கையெழுத்தான 18-ஆவது நாள் பகத்சிங்கும் அவருடைய தோழர்கள் இருவரும் லாகூர் சிறையில் தூக்கிலிடப்பட்டனர் என்பதும் எலுமிச்சை நீரின் கதைக்குப் பின் சேர்த்துச் சொல்லத் தக்கவை.

1947-ல் நாடு பிரிந்தபோது இந்த வளாகத்திலிருந்த பொருள்களும் பங்கு போடப்பட்டன. வைஸ்ராயின் தங்க முலாம் பூசிய குதிரை வண்டி யாருக்கு என்பது நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டதாகவும், இந்தியா வென்றதாகவும் கூறப்படுகிறது. அந்த வண்டி 1984 வரை குடியரசு தின விழாவில் ஓடியது. இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் குண்டு துளைக்காத கார்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 2014-ல் பிரணாப் முகர்ஜி படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சிக்கு அதில் வந்தார். 2024 குடியரசு தினத்தன்று திரௌபதி முர்மு பிரான்ஸ் அதிபர் மக்ரோனுடன் அதில் பவனி வந்தார்.

ஏழை நாட்டின் தலைவருக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்தது. வைஸ்ராய் சிறிய வீடொன்றுக்கு மாறி, மாளிகையை மருத்துவமனையாக்க வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். அது நடக்கவில்லை. பிரிவினைக் கலவரத்தின் நாள்களில் ஆட்சி நடத்தப் பெரிய அலுவலகம் தேவை என்று நேரு கருதினார். ராஜாஜி நடுவழி ஒன்றைக் கண்டார். வைஸ்ராய்கள் வாழ்ந்த ஆடம்பர அறைகளில் குடியிருக்க மறுத்து, சிறிய அறைகளைத் தேர்ந்துகொண்டார். பழைய அறைகள் வெளிநாட்டுத் தலைவர்கள் தங்கும் விருந்தினர் பகுதியாயின. அவருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் அதே சிறிய பகுதியிலேயே வாழ்ந்து வருகின்றனர். உணவுத் தட்டுப்பாட்டின்போது வளாக நிலத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடவும் அவர் ஏற்பாடு செய்தார். தமிழகத்திலிருந்து வருவோரிடம் வழிகாட்டிகள் அப்துல் கலாமைப் பற்றியே அதிகம் பேசுகின்றனர். ராஜாஜி வகுத்த வழக்கம்தான் 75 ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாளிகையின் குடித்தன முறையைத் தீர்மானித்துவருகிறது என்பது பலருக்கும் புதுச் செய்தி.

கலாமைப் பற்றிப் பேசுவதிலும் பிழையில்லை. 2002 முதல் 2007 வரை இங்கு வாழ்ந்த அவர் காலத்தில் பள்ளி மாணவர்களுக்கு இந்த வாயில்கள் தாராளமாகத் திறந்தன. தொட்டும் முகர்ந்தும் அறிவதற்கான பார்வையற்றோர் தோட்டம் அவர் காலத்தில் உருவானது. 2006-ல் ராமேசுவரத்திலிருந்து உறவினர்கள் 50-க்கும் மேற்பட்டோர் வந்து தங்கிச் சென்றபோது, அவர்களின் செலவைத் தன் சொந்தக் கணக்கிலிருந்து செலுத்தினார் என்று அவரிடம் செயலராகப் பணியாற்றிய பி.எம். நாயர் தன் நூலில் பதிவு செய்துள்ளார். உருவப்பட வரிசையில் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும், பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமனும் உள்ளனர்.

வழிகாட்டி காட்டாத மேஜை

சுற்றில் இடம்பெறாத அறை ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர் கோப்புகளில் கையெழுத்திடும் அறை அது. பாதுகாப்புக் கருதி அதைக் காட்டாதது இயல்பே. ஆனால், அரசியல் அக்கறையுள்ள தமிழருக்கு இந்த மாளிகையின் வரலாறு சரவிளக்குகளைக் காட்டிலும் அந்த மேஜையோடு அதிகம் பிணைந்துள்ளது.

1975 ஜூன் 25 நள்ளிரவை ஒட்டி நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். அடுத்த ஆண்டு ஜனவரி 31-ல் மு. கருணாநிதியின் அரசைக் கலைத்த ஆணையும் அவருடையதே. 1980 பிப்ரவரி 17-ல் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டபோது கையெழுத்திட்டவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. 1988 ஜனவரி 30-ல் ஜானகி அமைச்சரவையும், சரியாக மூன்று ஆண்டு கழித்து 1991 ஜனவரி 30-ல் மீண்டும் கருணாநிதி அரசும் வீழ்ந்தபோது அந்த மேஜையில் அமர்ந்திருந்தவர் ஒரு தமிழர், வெங்கட்ராமன்.

கடைசியாகச் சொன்னது தனித்தன்மை கொண்டது. ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கையை அனுப்ப அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். அரசியல் சாசனத்தின் 356-ஆவது பிரிவு, ஆளுநரின் அறிக்கை வாயிலாகவோ 'வேறு வகையிலோ' குடியரசுத் தலைவர் திருப்தியடையலாம் என்கிறது. அந்த இரண்டு சொற்களின் பலத்தில் ஒரு மாநில அரசு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. இத்தகைய கலைப்புகளை நீதிமன்றம் ஆராயலாம் என்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1994-ல்.

அந்த மேஜையிலிருந்து கையெழுத்தின்றித் திரும்பிய கோப்புகளும் உண்டு. அமைச்சரவையின் ஆலோசனைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவர் என்றாலும், மறுபரிசீலனை செய்யுமாறு ஒரு முறை திருப்பி அனுப்பலாம். 1997-ல் உத்தரப் பிரதேச அரசையும், 1998-ல் பிகார் அரசையும் கலைக்கும் பரிந்துரைகளை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். முன்னதை ஐக்கிய முன்னணி அரசு அனுப்பியது. பின்னதை வாஜ்பாய் அரசு அனுப்பியது. இரு தரப்புக்கும் ஒரே விடை கிடைத்தது. 2005 மே மாதம், பிகார் பேரவையைக் கலைக்கும் ஆணையில் மாஸ்கோ பயணத்தின்போது கலாம் இரவோடு இரவாக ஒப்பமிட்டதும், அக்கலைப்பு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் கூறியதும் அவர் ரசிகர்கள் அதிகம் நினைவுகூராத பக்கம்.

காத்திருந்த கோப்புகளின் கதை வேறு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் கருணை மனுக்கள் 2000-இல் அனுப்பப்பட்டு 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. இடையில் 11 ஆண்டுகள் சென்றன. மாளிகையில் குடியிருந்தவர்களும் மாறினர். அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி தமிழகப் பேரவை நிறைவேற்றிய மசோதா இங்கு வந்து ஒப்புதல் பெறாமல் போனது, 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 8-ஆம் தேதி, தமிழக ஆளுநருக்கு எதிரான வழக்கில், மாநில மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவர் 3 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. இது குறித்து முர்மு 14 கேள்விகளை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிமன்றம் அவ்வாறு காலக்கெடு விதிக்க இயலாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2025 நவம்பர் 20-ல் கருத்துத் தெரிவித்தது. மேஜை மீண்டும் பழைய நிலைக்கே வந்தது.

காவலரும் பூக்களும்

சனிக்கிழமைகளில் முன்முற்றத்தில் நடக்கும் காவலர் மாற்று நிகழ்ச்சி குழந்தைகளோடு வருவோருக்கு உகந்தது. உயரமான குதிரைகள், ஈட்டி ஏந்திய வீரர்கள், வாத்திய இசை என அரை மணி நேரத்துக்கு மேல் கண்ணை எடுக்க முடியாது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-ல் வாராணசியில் தொடங்கிய படை இது. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய பிரிவுகளில் ஒன்று. மாளிகையின் பெயர் மாறியது, மண்டபங்களின் பெயர்கள் மாறின. இந்தப் படைக்கு ஆள் எடுக்கும் முறை மட்டும் மாறவில்லை. ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரிலிருந்தே வீரர்கள் சேர்க்கப்படுவதை எதிர்த்த வழக்கில், உயரமும் தோற்றமும் ஒத்திருக்க வேண்டும் என்ற பணித் தேவையே காரணம் என்று 2013-ல் ராணுவம் உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் அளித்தது. தலித் சமூகத்திலிருந்து நாராயணனும் ராம்நாத் கோவிந்தும், பழங்குடி சமூகத்திலிருந்து முர்முவும் குடியரசுத் தலைவராக முடிந்த நாட்டில், அவர்களுக்குக் காவல் நிற்கும் குதிரை வீரர் வரிசையில் அச்சமூகத்தவர் சேர வழியில்லை. விளக்கம் எத்தனை தொழில்நுட்பமாக இருந்தாலும் இந்த முரண் உறுத்தவே செய்கிறது.

தோட்டச் சுற்று ஆண்டு முழுவதும் கிடையாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூக்கள் உச்சத்தில் இருக்கும்போது, நார்த் அவென்யூ பக்கம் உள்ள 35-ஆவது வாயில் வழியாக, கட்டணமின்றி மக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். மொகலாயத் தோட்டம் என்ற பெயர் 2023 ஜனவரியில் 'அம்ருத் உத்யான்' என்று மாற்றப்பட்டது. பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால், 15 ஏக்கரில் நேர்கோட்டு நீரோடைகளும் சதுரப் பாத்திகளும் காஷ்மீரின் மொகலாயத் தோட்டங்களின் பாணியிலேயே அப்படியே இருக்கின்றன. மவுண்ட்பேட்டன் காலத்தில் இங்கே 418 தோட்டக்காரர்கள் இருந்தனர் என்றும், அவர்களில் 50 பேர் பறவைகளை விரட்டுவதற்கென்றே வைக்கப்பட்ட சிறுவர்கள் என்றும் கூறப்படுவதுண்டு. இன்று பறவைகளை யாரும் விரட்டுவதில்லை. மயில்கள் புல்வெளியில் சாவகாசமாக நடக்கின்றன.

பழைய குதிரை லாயங்களில் 2014-ல் திறக்கப்பட்டு 2016-ல் விரிவாக்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பலர் நேரமின்மையால் தவிர்க்கின்றனர். தவிர்க்க வேண்டியதில்லை. 1911 தர்பாரின் வெள்ளி அரியணை, ஜோர்டான் மன்னர் ஹுசைன் ராஜீவ் காந்திக்குப் பரிசளித்த மெர்சிடிஸ் கார், குடியரசுத் தலைவர்களுக்கு வந்த பரிசுகள் எல்லாம் இங்கே உள்ளன. பிரதான கட்டடத்தைப் போல வழிகாட்டியின் வேகத்துக்கு ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை.

தமிழகத்திலிருந்து வருவோர் கவனிக்க வேண்டிய சில: மத்தியச் செயலகம் மெட்ரோ நிலையம் அருகில் உள்ளது, அங்கிருந்து நடந்தே வரலாம் என்றாலும் மே, ஜூன் வெயிலில் முதியோருடன் அதைத் தவிர்ப்பது நல்லது. குடியரசு தினம், வெளிநாட்டுத் தலைவர் வருகை போன்ற நாள்களை ஒட்டிச் சுற்றுகள் நிறுத்தப்படுவதுண்டு. எனவே ரயில் பயணச் சீட்டு எடுக்கும் முன்னரே மாளிகையின் இணையதளத்தில் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தில்லி வரை வர இயலாதோருக்கு, ஹைதராபாதின் பொலாரத்தில் உள்ள ராஷ்டிரபதி நிலையம் 2023 மார்ச் முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. தென்னிந்தியா வரும்போது குடியரசுத் தலைவர் தங்கும் இல்லம் அது. ஒரே தளம், மா, சப்போட்டாத் தோப்புகள், கூட்டமும் குறைவு.